கடைநிலையில் கோடீசுவரர்கள்

ஸ்போர்ட்ஸ் காரின் நிறத்தைப் பற்றி இலக்கிய வாசகர்களிடம் என்ன பேச்சு என்று கேட்கத் தோன்றும். கோடிகளைக் கொட்டிக் கார் வாங்குகிறவருக்கு அவர் விரும்பிய பச்சை கிடைக்கவில்லை என்றால் நாம் ஏன் வருந்த வேண்டும்? வருந்த வேண்டியதில்லை. அவருக்காக வழக்காடுவதும் நம் நோக்கமன்று. அவர் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கும் வாயிலைப் பற்றித்தான் நாம் பேச வந்தோம். அந்த வாயிலில் நடப்பதைச் சற்று நின்று பார்த்தால், தெரிவு, தனித்துவம், ரசனை என்று நாம் அன்றாடம் புழங்கும் சொற்கள் எப்படிக் களவு போகின்றன என்பது விளங்கும். சொல் களவு போனால் கேட்க வேண்டியவர்கள் சொல்லை வைத்துப் பிழைப்பவர்களும் சொல்லை நேசிப்பவர்களும்தானே?

புறத்திணையில் 'கடைநிலை' என்றொரு துறை உண்டு. வழி நடந்து களைத்து வந்த புலவன் தலைவனின் வாயிலில் நின்று, தான் வந்திருப்பதை உள்ளே அறிவிக்குமாறு வாயில் காப்போனிடம் சொல்வது அது. 'பரிசில் கடாநிலை' இன்னொன்று. காலம் நீட்டிக்கப்பட்ட பரிசிலை நினைவூட்டிக் கேட்பது. இவ்விரு துறைகளையும் வகுப்பில் விளக்கும்போது, நிற்பவன் வறியவன், உள்ளிருப்பவன் கொடுப்பவன் என்று சொல்லித் தருகிறோம். இனி ஒரு விதிவிலக்கும் சொல்லித்தர வேண்டியிருக்கும். இன்று ஸ்டுட்கார்ட்டின் வாயிலிலும் மரனெல்லோவின் வாயிலிலும் நிற்பவன் பணப்பெட்டியோடு நிற்கிறான். உள்ளிருப்பவனோ வள்ளல் அல்லன், வியாபாரி. காசு கொடுக்கிறவன் இரவலனாகவும் காசு வாங்குகிறவன் புரவலனாகவும் நடிக்கும் இந்த விசித்திரத்துக்கு இலக்கணம் வகுக்கத் தொல்காப்பியருக்கு வாய்க்கவில்லை.

செய்தியை முதலில் சொல்லிவிடுவோம். ஜெர்மனியின் போர்ஷே நிறுவனத்தில் 'பெயின்ட் டு சாம்பிள்' என்றொரு வழி உண்டு. மாதிரியைக் காட்டினால் அதே நிறத்தில் பூசித் தருவோம் என்பது அதன் நேர்ப்பொருள். வாடிக்கையாளரின் தனி வேண்டுகோள்களை ஏற்றுச் செய்யும் 'சோண்டர்வுன்ஷ்' பிரிவை அந்நிறுவனம் 1978-இலேயே தொடங்கிவிட்டது. 1986-இல் அது 'எக்ஸ்க்ளூசிவ்' என்னும் பெயரில் தனித் துறையாயிற்று. 2021-இல் நிறத் தெரிவை விரிவாக்கியபோது 160-க்கும் மேற்பட்ட கூடுதல் நிறங்கள் என்று அறிவித்தார்கள். ஏற்கெனவே சோதித்து ஏற்கப்பட்ட நிறங்களிலிருந்து ஒன்றைத் தேர்வது ஒரு வகை. பட்டியலில் இல்லாத நிறத்தை வாடிக்கையாளரே கொண்டுவந்து காட்டுவது 'பிளஸ்' எனப்படும் மற்றொரு வகை. அமெரிக்காவில் 911 வரிசைக் காருக்கு முதல் வகைக்கே பத்தாயிரம் டாலருக்கு மேல் தனிக் கட்டணம். நிறத்துக்கு மட்டும் கொடுக்கும் அந்தத் தொகையில் நம்மூரில் ஒரு சிறு குடும்பக் கார் வாங்கிவிடலாம்.

புது நிறம் ஒன்றை ஏற்பது எளிய வேலை என்று நாம் சொல்லவில்லை. காரின் கூடு முதலில் துருவுக்கு எதிரான குளியலில் முழுதாக அமிழ்த்தப்பட்டு, மின்சாரத்தின் உதவியால் அடிப்பூச்சு ஏற்றப்படுகிறது. அதன்மேல் பிரைமர், அதன்மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே பளபளப்பையும் காப்பையும் தரும் கிளியர் கோட். இவை வேகவைத்து உலர்த்தப்பட வேண்டும். இதில் தொல்லை என்னவென்றால் கதவு உலோகம், பம்பர் பிளாஸ்டிக். உலோகம் தாங்கும் சூட்டைப் பிளாஸ்டிக் தாங்காது. ஒரே நிறமே இரண்டிலும் சற்று வேறாகத் தோன்றும். உலோகத் துகள் கலந்த நிறமாயின் துகள்கள் படிகிற வாக்கைப் பொறுத்து வேறுபாடு இன்னும் கூடும். வெயிலில் எத்தனை ஆண்டு மங்காது நிற்கும் என்றும் பார்க்க வேண்டும். நாளை ஒருவன் மோதிக் கதவு நசுங்கினால் அதே நிறத்தை மீண்டும் கலக்கும் வாய்பாடும் வேண்டும். ஆகவே மாதங்கள் ஆகும், செலவும் ஆகும். இதை ஏற்காதவன் தொழிலறியாதவன். ஒரு நிறத்துக்கு ஒன்பது மாதம் ஆகும் என்று நேராகச் சொல்லிக் காத்திருக்கச் சொன்னால் நாம் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டோம்.

ஆனால் வாயிலில் நிற்பவனை நிறுத்தி வைத்திருப்பது பூச்சுப் பட்டறையின் கடினம் அன்று. அவனுடைய இன்னல் வேறு வகை. முதலில் கார் கிடைக்க வேண்டும். எண்ணிக்கை வரையறுக்கப்பட்ட கார்கள் நாட்டுவாரியாகவும், நாட்டிலிருந்து டீலர்வாரியாகவும் பங்கிடப்படுகின்றன. இந்தப் பங்குக்கு 'ஒதுக்கீடு' என்று பெயர். சமூக நீதிக்கென்று நாம் போராடிப் பெற்ற சொல் அங்கே எதற்குப் பயன்படுகிறது பாருங்கள். கார் ஒதுக்கீடு கிடைத்தவனுக்கு நிற ஒதுக்கீடும் கிடைத்தாக வேண்டும் என்பதில்லை. அது தனிப் பங்கு. முன்பணம் கட்டியிருப்பான். ஆனால் வரிசையில் தான் எத்தனையாவது என்பது அவனுக்குத் தெரியாது. ஒருநாள் தொலைபேசி வரும். கார் உண்டு, கேட்ட நிறம் இல்லை, இத்தனை நாளுக்குள் வேறு நிறம் சொல்லிவிடு, இல்லையேல் இடம் அடுத்தவனுக்கு. மூன்றாண்டு காத்திருந்தவன் மூன்று நாளில் முடிவெடுக்க வேண்டும்.

வரிசையில் முன்னே போக வழி என்ன? இத்தொழிலில் எழுதப்படாத விதி ஒன்று பரவலாகப் பேசப்படுகிறது. உனக்கு வேண்டாத இரண்டு கார்களை முதலில் வாங்கு. 'வாங்கிய வரலாறு' உள்ளவனுக்கே வேண்டிய கார் கிடைக்கும். அமெரிக்காவில் கார் உற்பத்தியாளர் அறிவிக்கும் விலை வெறும் பரிந்துரை. டீலர் அதற்குமேல் எவ்வளவும் கேட்கலாம். பல மாநிலங்களின் சட்டப்படி இந்நிறுவனங்கள் டீலரை விலக்கிவிட்டு நேரே விற்கவும் முடியாது. ஆகவே குறையைக் கேட்டால் நிறுவனம் டீலரைக் காட்டும், டீலர் நிறுவனத்தைக் காட்டுவான். புலவனுக்காவது வாயில் காப்போன் ஒருவனே இருந்தான்.

*

இந்த வரையறை எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். போர்ஷேயின் 918 ஸ்பைடர் எத்தனை கார்கள்? 918. 2016-இல் வந்த 911 ஆர் எத்தனை? 991. ஏனெனில் அந்தத் தலைமுறை 911-இன் உள்வழக்கு எண் 991. 2019-இன் ஸ்பீட்ஸ்டர் 1,948. அந்நிறுவனத்தின் பெயர் தாங்கிய முதல் கார் வந்த ஆண்டு 1948. 2023-இன் 911 எஸ்/டி 1,963. முதல் 911 அறிமுகமான ஆண்டு 1963. 2024-இல் 911 டர்போவின் ஐம்பதாம் ஆண்டு நினைவுக்கு வந்தது 1,974. அந்த டர்போ பிறந்த ஆண்டு 1974.

எஃகு போதவில்லை, ஆள் போதவில்லை, பூச்சுப் பட்டறையில் இடமில்லை என்று ஏதேனும் காரணம் இந்த எண்களில் தெரிகிறதா? இவை சிலேடைகள். காளமேகம் சிலேடை பாடினால் நாம் சிரிப்போம், கைதட்டுவோம். ஒரு தொழிற்சாலை சிலேடை பாடினால் ஆயிரக்கணக்கானோர் வெளியே நிறுத்தப்படுகிறார்கள். 1963-ஆம் ஆண்டுக்குப் பதில் அந்தக் கார் 1983-இல் பிறந்திருந்தால் இன்னும் இருபது பேருக்குக் கிடைத்திருக்கும். ஒருவனுடைய விருப்பம் நிறைவேறுவதும் நிறைவேறாததும் ஒரு பிறந்த ஆண்டைப் பொறுத்தது என்றால், சோதிடத்தை எள்ளி நகையாட நமக்கு என்ன தகுதி?

இதே நிறுவனம் எப்போதும் இப்படி இருந்ததில்லை. பந்தய விதிப்படி தகுதி பெற 500 கார்கள் விற்றாக வேண்டும் என்ற நிலையில் 1972-இல் காரெரா ஆர்எஸ் 2.7-ஐச் செய்தார்கள். ஐந்நூறு விற்குமா என்று விற்பனைப் பிரிவுக்கே ஐயம். அவ்வாண்டு பாரிஸ் கண்காட்சி முடிந்து சில வாரங்களுக்குள் ஐந்நூறும் தீர்ந்தன. அப்போது என்ன செய்தார்கள்? கேட்டவர்களுக்கு மேலும் செய்தார்கள். 1973 நடுவில் எண்ணிக்கை 1,580-ஐ எட்டியது. அதனால் அந்தக் காரின் புகழ் குன்றிவிட்டதா? 911-களின் வரலாற்றில் அதைவிட மதிக்கப்படும் கார்கள் மிகச் சில. கேட்டவர்க்கெல்லாம் கொடுத்தால் மதிப்புப் போய்விடும் என்று இன்று சொல்கிறவர்களுக்கு, அவர்கள் நிறுவனத்தின் வரலாறே விடை சொல்கிறது.

எண்கள் கல்லில் எழுதப்பட்டவையும் அல்ல. ஃபெராரியின் என்ஸோ காருக்கு முதலில் சொன்ன எண் 349. கேட்டவர் மிகவே 399 ஆயிற்று. அதன்பின் 400-ஆவது ஒன்றும் செய்து போப் இரண்டாம் ஜான் பாலுக்கு அளித்தார்கள். 2005-இல் அது ஏலத்தில் விற்கப்பட்டு, வந்த தொகை 2004 டிசம்பர் ஆழிப்பேரலையில் பாதிக்கப்பட்டோருக்கென அளிக்கப்பட்டது. நம் கடற்கரைகளையும் வாரிச் சென்ற அலை அது. லாஃபெராரி 499 என்றார்கள். 2016 டிசம்பரில் 500-ஆவதைச் செய்து இத்தாலியின் நிலநடுக்கத் துயர் துடைக்க 70 லட்சம் டாலருக்கு ஏலம் விட்டார்கள். அறத்தின் பொருட்டு எண்ணை மீறியதை மனமாரப் பாராட்டுகிறோம். கூடவே, எண் மீறத்தக்கதுதான் என்று அவர்களே நிறுவிவிட்டதையும் குறித்துக்கொள்கிறோம்.

2019 மார்ச்சில் கிராண்டே அமெரிக்கா என்னும் சரக்குக் கப்பல் பிரான்ஸ் கடற்பகுதியில் தீப்பிடித்து மூழ்கியது. அதில் 37 போர்ஷே கார்கள் இருந்தன. அவற்றுள் நான்கு, 911 ஜிடி2 ஆர்எஸ். அந்த வகையின் உற்பத்தி அதற்குச் சற்று முன்புதான் முடிந்திருந்தது. ஆயினும் பிரேசிலில் காத்திருந்த அந்த வாடிக்கையாளர்களுக்காக உற்பத்தியை மீண்டும் தொடங்கிச் செய்து தர முன்வந்தார்கள். நேர்மையான செயல்தான். ஆனால் கதவு திறக்கக்கூடிய கதவு என்பதும் அன்று தெரிந்துவிட்டது.

*

இங்கே எதிர்வாதம் ஒன்று எழும். வரையறை இல்லாவிட்டாலும் இருந்தாலும், இந்தக் கெடுபிடிகள் தரகர்களைத் தடுக்கத்தானே என்பார்கள். வாங்கிய மறுநாளே இரண்டு பங்கு விலைக்கு விற்கிறவனிடமிருந்து உண்மையான ரசிகனைக் காக்க வேண்டாமா?

காக்கும் இலட்சணத்தைப் பார்ப்போம். ஃபோர்டு நிறுவனம் 2016-இல் தன் ஜிடி காருக்கு விண்ணப்பம் கோரியது. ஆம், விண்ணப்பம். ஏற்கெனவே ஃபோர்டு கார் வைத்திருக்கிறீர்களா, உங்களுக்குச் சமூக ஊடகத்தில் எவ்வளவு செல்வாக்கு என்றெல்லாம் கேட்டார்கள். விரும்பினால் காணொளியும் இணைக்கலாம். முதல் 500 கார்களுக்கு 6,506 விண்ணப்பங்கள் வந்தன. தேர்வு பெற்றவர் இரண்டாண்டு விற்கக்கூடாது என்பது நிபந்தனை. மல்யுத்த வீரரும் நடிகருமான ஜான் சீனா 2017-இல் தம் காரைப் பெற்றுச் சில வாரங்களிலேயே விற்றுவிட்டார். நிறுவனம் வழக்குத் தொடுத்தது. 2018-இல் சமரசமாயிற்று. ஒப்பந்தத்தை மீறியவர் பக்கம் நாம் பேசவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். செல்வாக்கைத் தகுதியாக வைத்துத் தேர்ந்தால் செல்வாக்குள்ளவர்தான் வருவார். வெளியே நின்ற ஆறாயிரம் பேரில், யாரும் அறியாத, காலமெல்லாம் அந்தக் காரை ஓட்டியே மகிழ்ந்திருக்கக்கூடிய ஒருவன் இருந்திருப்பான். அவனைக் கண்டுபிடிக்கும் சல்லடை அதுவன்று.

போர்ஷே இன்னொரு வழி கண்டது. 2023-இல் 911 எஸ்/டி-யை அமெரிக்காவில் வாங்க வந்தவர்கள் முதல் ஓராண்டு அதைக் குத்தகைக்குத்தான் எடுக்க வேண்டும், பிறகே சொந்தமாக்கிக்கொள்ளலாம் என்றது. முழு விலையையும் கையில் வைத்துக்கொண்டு வந்தவனைக் குடிக்கூலிக்காரனாக ஓராண்டு நன்னடத்தை காட்டச் சொன்னது.

தரகன் எங்கிருந்து முளைத்தான்? 911 ஆர் அமெரிக்காவில் ஏறத்தாழ 1,85,000 டாலர் பட்டியல் விலையில் வந்தது. விரைவிலேயே அதன் இரண்டு, மூன்று மடங்கு விலைக்குக் கைமாறத் தொடங்கியது. கையால் கியர் மாற்றும் வசதியோடு அந்த எஞ்சின் வேண்டும் என்று ரசிகர்கள் ஏங்கிக் கிடந்தார்கள். கிடைத்தவை 991. அவற்றிலும் முதல் வாய்ப்பு, எட்டு லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து 918 ஸ்பைடர் வாங்கியவர்களுக்கு. 2017-இல் அதே நிறுவனம் கையால் கியர் மாற்றும் ஜிடி3-யை எண் வரையறை இன்றி வெளியிட்டது. 911 ஆரின் சந்தை விலை சரிந்தது. தரகனை ஒழித்தது நிபந்தனையா, வழக்கா, குத்தகையா? இல்லை. இன்னும் கொஞ்சம் கார்கள்! நோய்க்கு மருந்து தெரிந்த வைத்தியன் மருந்தைப் பூட்டிவைத்துவிட்டு நோயாளியின் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசுகிறான்.

*

நிறத்துக்கு வருவோம். எண்ணிக்கையைக் காட்டிலும் நம்மை உறுத்துவது நிறத்தின் கதிதான். எண்ணிக்கையில் ஆசைக்கு வேலி. நிறத்திலோ ரசனைக்கே வேலி.

ஃபெராரி என்றால் சிவப்பு. அந்தச் சிவப்பு அவர்கள் கண்டுபிடித்ததன்று. பந்தயக் களத்தில் நாட்டுக்கொரு நிறம் என்ற பழைய ஏற்பாட்டில் பிரான்ஸுக்கு நீலம், பிரிட்டனுக்குப் பச்சை, ஜெர்மனிக்கு வெள்ளையும் பின்னர் வெள்ளியும், இத்தாலிக்குச் சிவப்பு. நாட்டின் நிறம் நாளடைவில் ஒரு நிறுவனத்தின் நிறமாயிற்று. அதில் தவறில்லை. ஆனால் அந்த நிறுவனம் மற்றவர் நிறத்துக்கும் காவல் நிற்கிறது. கனடாவைச் சேர்ந்த மின்னிசைக் கலைஞர் டெட்மவுஸ் தம் 458 காரைப் பூனைப் படம் கொண்ட வண்ண உறையால் போர்த்தி, சின்னங்களையும் வேடிக்கையாக மாற்றி வைத்திருந்தார். அதை விற்க முனைந்தபோது, 2014-இல் ஃபெராரியின் வழக்கறிஞர் கடிதம் வந்தது. சின்னத்தைத் திரித்ததற்கு நிறுவனம் முறையிடலாம், அது அதன் உரிமை. ஆனால் 2017-இல் ஆஸ்திரேலியப் பகுதிக்கான அதன் தலைமைப் பொறுப்பாளர், இளஞ்சிவப்பு தங்கள் மரபுக்கு ஒவ்வாதது என்ற பொருள்படப் பேசினாரே, அது எந்த உரிமை? ஒரு நிறம் மட்டும் இழிந்தது என்று சொல்லும் அதிகாரத்தை யார் கொடுத்தது?

மரபு பேசுகிறவர்களுக்கு மரபையே காட்டுவோம். 1964-இல் தம் 250 எல்எம் காருக்குப் பந்தய அனுமதி தொடர்பாக இத்தாலிய மோட்டார் சங்கம் தமக்குத் துணை நிற்கவில்லை என்று சினந்த என்ஸோ ஃபெராரி, இத்தாலியின் சிவப்பைத் துறந்தார். அந்தப் பருவத்தின் இறுதியில் வாட்கின்ஸ் கிளென்னிலும் மெக்ஸிகோ நகரத்திலும் ஃபெராரி கார்கள் நீலமும் வெள்ளையும் பூண்டு ஓடின. ஜான் சர்டீஸ் உலகப் பட்டம் வென்றது அந்த நீல வெள்ளைக் காரில்தான். மரபைக் கோபத்தில் ஒரே இரவில் கழற்றி வைத்த மனிதரின் பெயரைச் சொல்லி, இன்னொருவன் ஆசையாய்க் கேட்கும் நிறத்தை மறுப்பது அந்த மனிதருக்கே செய்யும் அவமதிப்பு.

கிடைக்கும் நிறத்தையாவது மனம்போலத் தேர்கிறார்களா? அங்கேதான் பெருங்கேடு. அரிதான நிறம் மறுவிற்பனையில் கூடுதல் விலை பெறும் என்பது இச்சந்தையில் எல்லாரும் அறிந்த கணக்கு. ஆகவே நிறத்தைத் தேர்கிறவன் கண்ணைக் கேட்பதில்லை, ஏலக்காரனைக் கேட்கிறான். இந்த நீலத்தில் எத்தனை கார்கள் உள்ளன, நம்முடையதோடு சேர்த்தால் எத்தனை, இன்னும் பத்தாண்டில் என்ன போகும் என்று எண்ணுகிறான். தன் தாத்தா வீட்டுத் திண்ணைத் தூணின் பச்சை, சிறுவயதில் தொட்டு விளையாடிய பொம்மையின் மஞ்சள் என்று சொந்த நினைவிலிருந்து ஒரு நிறத்தைக் கேட்கிறவன் அசடனாகத் தெரிகிறான். தனித்துவம் என்ற பெயரில் எல்லாரும் ஒரே திசையில் அரிதைத் தேடுகிறார்கள். விற்பதற்கென்றே விரும்பினால் அது விருப்பமா? வாங்குகிறவன் தன் காரில் அடுத்து வாங்கப்போகிறவனின் ரசனையைப் பூசிக்கொண்டு ஓட்டுகிறான். சிலர் ஓட்டுவதுகூட இல்லை, ஓடிய தூரம் கூடினால் விலை குறையும் என்று உறைபோட்டு நிறுத்தி வைக்கிறார்கள்.

இதனோடு ஒப்பிட ஒரு பழங்கதை. ஹென்றி ஃபோர்டின் மாடல் டி கார் 1914 முதல் 1925 வரை கறுப்பில் மட்டுமே கிடைத்தது. தெரிவே இல்லை என்று அவரை இன்றளவும் கேலி செய்கிறார்கள். ஆனால் அந்த மறுப்புக்கு ஓர் அறம் இருந்தது. ஒரே நிறம் என்றால் வேலை சுருங்கும், செலவு குறையும், விலை இறங்கும். 1908-இல் 850 டாலரில் தொடங்கிய அந்தக் கார், 1920-களின் நடுவில் அதன் மிக மலிவான வகையில் 260 டாலருக்கு வந்தது. பிறகு வேதியியல் முன்னேறியது. 1923-இல் டூபான்ட் நிறுவனத்தின் டூகோ என்னும் விரைவில் உலரும் பூச்சு கார்களுக்கு வந்ததும், பலவண்ணக் கார்கள் சாமானியனுக்கும் எட்டின. நிறத்தை மறுத்தவர் பலருக்குக் கார் கிடைக்க மறுத்தார். இன்றைய மறுப்பு, பலருக்குக் கார் கிடைக்காமல் இருக்க மறுக்கிறது. கேலிக்குரியவர் யார் என்பதை வாசகர்களே முடிவு செய்யட்டும்.

இதெல்லாம் தடையற்ற சந்தையின் இயல்பு, வேண்டாதவன் வாங்காமல் போகலாமே என்பார் ஒருவர். சந்தை என்றால் விலை வெளியில் தெரிய வேண்டும், வரிசை தெரிய வேண்டும், காசு கொடுத்தவனுக்குப் பொருள் வர வேண்டும். இங்கே விலை பரிந்துரை, வரிசை இரகசியம், காசோ தகுதியாகாது. இது அரசவை. அரசவையில் அரசவைக்குரிய நடத்தைதான் விளையும். முகத்துதி, காத்திருப்பு, சிறு பரிசுகள், அடுத்தவன் மேல் பொறாமை. சந்தை மொழியைப் பேசிக்கொண்டு அவை நடத்துகிறவர்களைச் சந்தையின் பெயரால் காப்பாற்ற வருவது வேடிக்கை.

கோடீசுவரன் பாடு நமக்கென்ன என்று இன்னும் நினைப்பவர்களுக்கு ஒரு சொல். மேல்மாடியில் பழகிய வித்தை படியிறங்கி வரும். 2014-இல் ஷியோமி கைப்பேசிகள் இந்தியாவில் சில நொடிகளில் தீர்ந்துபோகும் மின்னல் விற்பனையாக வந்தன. அதே ஆண்டு ஒன்பிளஸ் கைப்பேசியை வாங்க அழைப்பு வேண்டியிருந்தது. கடைக்காரனிடம் பொருள் வாங்க அவனே அழைக்க வேண்டும் என்ற நடைமுறையை நம் மாணவர்கள் முறைப்பாடின்றி ஏற்றார்கள். அழைப்புக் கிடைத்தவன் வகுப்பில் வென்றவன்போல் நடந்தான். வாங்குவதையே சாதனையாக உணரப் பழகிய தலைமுறை, பொருளின் தரத்தைப் பற்றிக் கேள்வி கேட்க மறந்துவிடும். நம் கவலை அதுதான்.

மாற்று இல்லாமல் குறை மட்டும் சொல்வது நம் வழக்கமன்று. சிறுபத்திரிகை வாசகர்களுக்கு நன்கு தெரிந்த முன்வெளியீட்டுத் திட்டம் இருக்கிறது. பெரும் நூல் ஒன்று வரப்போகிறது, இந்தத் தேதிக்குள் பணம் கட்டுகிறவர்க்கெல்லாம் படி உண்டு, முன்னதாக நம்பியவர்க்கு விலையும் குறைவு. எத்தனை பேர் கட்டுகிறார்களோ அத்தனையும் அச்சாகும். கையிருப்பில் பணமில்லாத நம் பதிப்பாளர்கள் நாணயத்தோடு செய்யும் இதை, உலகின் மிகச் செல்வம் கொழித்த கார் நிறுவனங்கள் ஏன் செய்யக்கூடாது? எண்ணுக்குப் பதில் நாளை வரையறையாக வையுங்கள். வரிசையில் ஒவ்வொருவருக்கும் எண் கொடுத்து, அது நகர்வதை அவர் காணச் செய்யுங்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் ஆகும் காலத்தையும் கட்டணத்தையும் முன்பணம் வாங்குமுன் எழுத்தில் தாருங்கள். வேண்டாத காரை வாங்கியவனா என்று பாராதீர்கள். அரிய காராகவே இருக்கட்டும். அருமை அதன் எஞ்சினிலும் அதைச் செய்த கைகளிலும் இருக்கட்டும்.

இவற்றில் எதுவும் தொழில்நுட்பத்தால் முடியாதது அன்று. 1973-இல் முடிந்தது. முடியாது என்பார்களாயின், நாம் எடுப்பது கருணை, வாடிக்கையாளன் எடுப்பது பிச்சை என்று வெளிப்படையாக எழுதி வைத்துவிட்டு வியாபாரம் செய்யட்டும். விரும்புகிறவர்கள் போய் நிற்கட்டும். தெரிவு, ரசனை, தனித்துவம் ஆகிய சொற்களை மட்டும் அந்த வாயிலிலிருந்து எடுத்துவிட வேண்டும். அவை நமக்கு வேறு இடங்களில் தேவைப்படுகின்றன.